பதில் வரலன்னு சொல்லுங்க

அவரிடம் நான் பேசிய முதல் வாக்கியமே தப்பான வாக்கியம். "எல்லாம் செத்துப்போச்சுண்ணே" என்றேன்.

அதற்கு முந்தைய நாள் மத்தியானம் நெய்வேலியில் ஓர் இடி விழுந்திருந்தது. ஐப்பசி இடி. எங்கள் ப்ளாக் சமுதாயக் கூடத்தின் பின்னறையில் எட்டுக் கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஏதோ ஓர் அலுவலகத்தில் இனி உதவாது என்று கண்டம் பண்ணி ஏலத்தில் விட்டதைக் குடியிருப்போர் சங்கம் எடுத்து வந்து போட்டிருந்தது. அறைக்குப் பொறுப்பாளர் நான். டவுன்ஷிப்பில் என் அந்தஸ்தைச் சுருக்கமாகச் சொல்வதென்றால், என் மனைவிக்கு வேலை பர்மனெண்ட். எனக்கு மனைவி பர்மனெண்ட். கேபிள்காரர் மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டியிருந்த இன்டர்நெட் ஒயர் வழியாக இடி உள்ளே வந்து, எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் ஒயர் செருகும் ஓட்டையைக் கருக்கிவிட்டுப் போனது. அந்த நேரத்தில் நான் மேசைக்கு அடியில் இருந்தேன். கீழே விழுந்த பேனாவைத் தேடியதாகச் சங்கச் செயலாளரிடம் சொன்னேன். அன்றைக்கு நான் பேனாவே கொண்டுபோகவில்லை.

மறுநாள் கேபிள்காரரின் ஆளாக வந்தார் அவர். ஒல்லி. கழுத்து மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாத நீளம். நான் சொன்ன வாக்கியத்தைக் கேட்டதும் கையிலிருந்த குறடைக் கீழே வைத்தார்.

"செத்துப்போச்சுன்னு சொல்லாதீங்க சார். பதில் வரலன்னு சொல்லுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானேண்ணே?"

அவர் பார்த்த பார்வையில், மறுபடியும் பேனாவைத் தேடப் போகலாமா என்று இருந்தது.

எந்தக் கம்ப்யூட்டரையும் அவர் நேரடியாகத் திறக்க மாட்டார். முட்டியால் மூடியை இரண்டு தட்டுத் தட்டுவார். காதைச் சாய்த்து ஒரு கணம் நிற்பார். பிறகுதான் திருகாணியில் கை வைப்பார். "யாரு வூடா இருந்தாலும் தட்டிட்டுப் போறதுதானே மரியாதி" என்பார். தமாஷ் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் எதற்கும் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு முறை தவிர. அதற்கு வருகிறேன்.

கருகிய ஓட்டைகளுக்குப் பதிலாக ஒரு பை நிறையப் பழைய நெட்வொர்க் கார்டுகள் கொண்டுவந்திருந்தார். கம்ப்யூட்டரை இயக்க எங்களிடம் இருந்தது லினக்ஸ். யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், காசில்லை என்பதால் சங்கத்துக்கு அதன் மேல் தனிப் பிரியம். கார்டைச் செருகினார். விளக்கு எரிந்தது. நெட் வரவில்லை.

"கார்டு போச்சா?" என்றேன், அந்தச் சொல்லைத் தவிர்த்து.

"கார்டு நல்லாத்தான் கீது. தப்பான ஆளு பதில் சொல்லிகினு இருக்கான்."

விஷயம் இதுதான். அந்தப் பழைய கார்டை ஓட்ட லினக்ஸுக்குள் டிரைவர் என்கிற குட்டி நிரல்கள் இரண்டு இருந்தன. 'நான்தான் நான்தான்' என்று தப்பானது முந்திக்கொண்டு கார்டைப் பிடித்துக்கொள்ளும். பிடிக்கும், ஆனால் பேசத் தெரியாது. அவர் அதைத் தடுத்து வைத்துவிட்டுச் சரியானதை ஏற்றினார். பிறகு கேபிள்காரரின் ஆபீஸ் மிஷினுக்கு ஒரு குரல் அனுப்பிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டார். நிஜமாகவே பிடித்துக்கொண்டார், அந்த நீளக் கழுத்தில் நரம்பு நின்றது. என்னை அறியாமல் நானும் பிடித்துக்கொண்டேன். திரையில் வரி வரியாகப் பதில் விழ ஆரம்பித்ததும் மூச்சை விட்டு, "இருக்கான்" என்றார்.

நல்லவேளையாக மனைவிக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும் நேரம் வந்தது. ஓடிவிட்டேன்.

அவரைப் பற்றி டவுன்ஷிப்பில் ஒரு முணுமுணுப்பு உண்டு. சந்தாதாரர் யாராவது காலமாகிவிட்டால் அந்த வீட்டு ஒயரை அவர் வெட்ட மாட்டார். முதலாளி திட்டினாலும் மாட்டார். எங்கள் தெருவில் ஒரு ரிட்டயர்டு சூப்பர்வைசர் தவறிப்போனபோது, பந்தலுக்கு இடைஞ்சலாக ஒயர் தொங்குகிறது என்று இவரைக் கூப்பிட்டார்கள். வந்தார். ஒயரைத் தூக்கிக் கட்டினார். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று மூடிமேல் இரண்டு தட்டுத் தட்டினார். அழுதுகொண்டிருந்த மகன்கள் நிமிர்ந்தார்கள். காதைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "பதில் வரலீங்க" என்று மூத்த மகனிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்று இரவு முழுவதும் நான் விளக்கை அணைக்கவில்லை. மின்சாரம் மனைவி கணக்கு.

டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து ஊரில் அவர் வீட்டின் முன்னறைதான் அவருடைய ரிப்பேர் கடை. பின்கட்டில் அவருடைய தம்பியின் மனைவியும் மகளும் இருந்தார்கள். தம்பி இல்லை. இல்லை என்றால் எப்படி இல்லை என்பதுதான் அந்த வீட்டின் ஒரே வழக்கு.

தம்பி மைன்ஸில் பர்மனெண்ட். குவார்ட்டர்ஸில் குடியிருந்தவன். ஒரு நாள் இரண்டாம் ஷிப்டுக்கு என்று கிளம்பினான். மாற்றுத்துணி எடுக்கவில்லை. வீட்டிலிருந்த கம்ப்யூட்டரின் பெட்டியை மட்டும் கழற்றி வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு போனான். ஷிப்டுக்கும் போகவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு மனைவி இங்கே வந்தாள். முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலைக்குப் போனாள். கொட்டைப் பால் பட்டு அவள் விரல் நுனிகள் எப்போதும் கருப்பாக இருக்கும்.

ஏழு வருடம் ஒருவரைப் பற்றி, தெரிந்திருக்க வேண்டிய யாருக்கும் ஒரு தகவலும் இல்லை என்றால் கோர்ட் அவரை இறந்தவராக எடுத்துக்கொள்ளும். அப்படித் தீர்ப்பு வந்தால் புருஷனுக்குப் பதிலாக அவள் வேலை கேட்கலாம். மகளைப் படிக்க வைக்கலாம். ஏழு வருடம் முடிந்துவிட்டது. வழக்கும் போட்டாகிவிட்டது. மிச்சம் ஒன்றுதான்: கூடப் பிறந்த அண்ணன் கூண்டில் ஏறி, 'அவனிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை' என்று சொல்ல வேண்டும். அவர் மாற்றிச் சொன்னால் வழக்கு அங்கேயே படுத்துவிடும்.

அவர் பிடிகொடுக்கவில்லை. "தகவலே இல்லன்னு எப்டி சொல்றது? இன்னும் கூப்ட்டுகினுதானே இருக்கேன்?"

கூப்பிடுவது என்றால் நிஜமாகவே கூப்பிடுவதுதான். நானே பார்த்திருக்கிறேன். இரண்டாம் ஷிப்ட் பஸ்கள் கடையைத் தாண்டிப் போகும் நேரத்தில், பேசிக்கொண்டிருக்கும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுக் கீபோர்டுக்குப் போவார். ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் பிறவியிலேயே ஒரு நம்பர் உண்டு; ஆறு ஜோடி எழுத்து. ஒன்றைப் போல் இன்னொன்று இராது. கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் கரண்ட் இருக்கும்வரை கார்டு அரைத்தூக்கத்தில் பச்சை விளக்கோடு இருக்கும். அதே ஒயர்த் தொடரில் எங்கிருந்தாவது அந்த நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டால் விழித்துக்கொண்டு கம்ப்யூட்டரையும் எழுப்பிவிடும். அதற்கென்று ஒரு கட்டளை இருக்கிறது. தம்பியின் பெட்டியில் இருந்த கார்டு இவர் போட்டுக் கொடுத்தது. நம்பர் மனப்பாடம். கேபிள்காரரின் ஒயர் போகிற இடத்தில் எங்காவது அந்தப் பெட்டி செருகப்பட்டால் எழுந்துகொள்ளும் என்பது கணக்கு.

"இதைத் தானாவே நடக்கிற மாதிரி எழுதி வெச்சுடலாமேண்ணே?" என்று ஒரு தடவை என் அறிவைக் காட்டினேன்.

"உங்க தம்பிய ஆளு வெச்சா கூப்புடுவீங்க?"

எனக்குத் தம்பி கிடையாது. அதைச் சொல்லும் தைரியமும் கிடையாது.

அந்த வருடம் சேத்தியாத்தோப்பில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் இடம் கிடைக்க நேரமாகும் என்று கடைத்தெருவில் நடந்தபோது, பழைய இரும்புக் கடை வாசலில் ஒரு நெட்வொர்க் கார்டு, சைக்கிள் செயினுக்கும் தையல் மிஷின் சக்கரத்துக்கும் நடுவில் கிடந்தது. எங்கள் எட்டாவது கம்ப்யூட்டருக்குப் போட்ட கார்டு தகராறு செய்துகொண்டிருந்த சமயம். அவரைக் கூப்பிடாமல் நானே போட்டுக் காட்டினால் என்ன என்று ஆசை வந்தது. வாங்கிவிட்டேன். கல்யாணப் பரிசை விட மலிவு.

போட்ட பிறகுதான் தெரிந்தது, இது வேறு ஜாதிக் கார்டு. ஓட வேண்டுமானால் தனியாக ஒரு ஃபைல் வேண்டும் என்று லினக்ஸ் கறாராகச் சொன்னது. ஃபைல் எங்கே இருக்கிறது? நெட்டில். நெட் எப்போது வரும்? ஃபைல் வந்தால். கிணற்றுக்குள் விழுந்த வாளியை எடுக்க அதே வாளியை விடச் சொன்ன கதை. கடைசியில் மனைவியின் செல்போனில் இறக்கி, கேபிள் போட்டு ஏற்றினேன். பிறகு பக்கத்துக் கம்ப்யூட்டரில் அவர் எழுதி வைத்திருந்த வரிகளை அப்படியே காப்பியடித்தேன். அதில் எனக்குப் புரியாத வரி ஒன்று இருந்தது. புரியாததை விட்டுவிட்டால் புரிந்ததும் வேலை செய்யாது என்பது என் அனுபவம். அதையும் சேர்த்தே அடித்தேன். நெட் வந்தது. தனியாக நின்று கைதட்டிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் அறையில் யாருமில்லை. தயிர்சாதத்தைத் திறந்து வைத்திருந்தேன். வெளியே இரண்டாம் ஷிப்ட் பஸ்கள் வரிசையாகப் போயின. கடைசி பஸ்ஸின் சத்தம் அடங்கியது. என் முதுகுக்குப் பின்னால், அணைத்து வைத்திருந்த எட்டாவது கம்ப்யூட்டரின் காற்றாடி சுழல ஆரம்பித்தது. திரை வெளுத்தது.

ஒரு செருப்போடு வீட்டில் இருந்தேன். எப்படி வந்தேன் என்று தெரியாது. கையில் ஊறுகாய் இருந்தது.

அதற்கடுத்த நாளும் அதே நேரம். அதற்கடுத்த நாளும். திரைக்குத் திருநீறு பூசினேன். போதாதென்று பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பத்தில் தீர்த்தம் வாங்கி வந்து தெளித்தேன். கீபோர்டில் இரண்டு எழுத்து வேலை செய்யாமல் போனதுதான் மிச்சம். பிளக்கைப் பிடுங்க வேண்டியதுதானே என்பீர்கள். பிடுங்க வேண்டுமானால் அதன் பின்னால் கையை விட வேண்டும். நீங்கள் விடுவீர்கள்.

வேறு வழியில்லாமல் அவரைக் கூப்பிட்டேன். மத்தியானம் வந்து எதிரில் உட்கார்ந்தார். பஸ்கள் போயின. கம்ப்யூட்டர் எழவில்லை. இன்னொரு நாள் வந்தார். அன்றும் இல்லை. அவர் வராத நாட்களில் மட்டும் ஒழுங்காக எழுந்தது.

"பேய்க்கு உங்களத்தான் புடிச்சிருக்குது சார்" என்றார், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

ஏன் அப்படி என்று கண்டுபிடிக்க இந்நேரம் உங்களுக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. பயந்தவன் மூளை வேறு தினுசு. எனக்கு ஆகிய காலத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஒரு நாள் அந்த நேரத்துக்குத் துணையாக இருக்கட்டும் என்று அவருக்குப் போன் போட்டேன். கடையில் இருந்தார். "கட் பண்ணாதீங்கண்ணே, பஸ் போறவரைக்கும் எதுனா பேசிகினு இருங்க" என்றேன். கூடவே இருந்தால் அவர் பாஷை எனக்கும் ஒட்டிக்கொள்ளும். அவர் இடி தாங்கி பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பஸ்கள் போயின. பேச்சைப் பாதியில் நிறுத்தினார். போனுக்குள் நாற்காலி நகர்ந்தது. விசைகள் தட்டப்படும் சத்தம். கடைசியாக ஒரு தட்டு, கொஞ்சம் பலமாக.

என் முதுகுக்குப் பின்னால் காற்றாடி சுழன்றது.

"அண்ணே… எழுந்துகிச்சு."

 அவர் மூச்சைப் பிடித்திருக்கிறார் என்று இவ்வளவு தூரத்திலிருந்து எனக்குத் தெரிந்தது.

"கார்டு நம்பரப் படிங்க சார்."

எப்படிப் பார்ப்பது என்று அவர் ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருந்தார். பார்த்துப் படித்தேன். மூன்று ஜோடி படித்தேன். மீதி மூன்றை அவர் சொன்னார். நான் விரலால் திரையைத் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தேன். ஓர் எழுத்து மாறவில்லை.

கூப்பிட்டால் எழுந்திரு என்பதுதான் நான் புரியாமல் காப்பியடித்த வரி. அரை மணியில் சைக்கிளில் வந்து நின்றார். கம்ப்யூட்டரைத் தட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவரைப் பார்ப்பதுபோல் தள்ளி நின்று பார்த்தார்.

"பதில் வந்துடுச்சு சார்" என்றார்.

"அண்ணே, இது கார்டுண்ணே. நான் பழைய இரும்புக் கடையில…"

"கார்டா நடந்து வந்துச்சு? யாரோ கொண்டாந்து போட்டாதானே வரும்?"

இருவரும் சேத்தியாத்தோப்புக்குப் போனோம். இரும்புக் கடைக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "மூட்ட மூட்டயா வருதுய்யா. எவன் போட்டான், எப்ப போட்டான்னு ஒவ்வொருத்தன் மூஞ்சியா பாத்துகினு இருக்க முடியும்?" என்றார். விற்றது தம்பியாக இருக்கலாம், தம்பியிடம் வாங்கியவனாக இருக்கலாம், திருடியவனாக இருக்கலாம். போன வாரமாக இருக்கலாம், ஏழு வருடம் முன்பாகவும் இருக்கலாம். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. திரும்பும் பஸ்ஸில், "கோர்ட்டுல கேட்டா பதில் வந்துச்சுன்னுதான் சார் சொல்லணும். பொய் சொல்ல முடியாது" என்றார் அமைதியாக. விசாரணை அடுத்த வாரம். ஜன்னல் வழியே மைன்ஸ் மண்மேடு தெரிந்தது. எனக்குப் பயம் பிடித்தது. இந்த முறை பேய்க்காக அல்ல.

விசாரணைக்கு முந்தைய நாள் மத்தியானம் அவருடன் தம்பி மனைவியும் வந்தாள். அவர்தான் அழைத்து வந்திருந்தார், அவள் கண்ணால் பார்க்கட்டும் என்று. எட்டாவது கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது, பின்னால் பச்சைப் பொட்டு மட்டும் எரிந்தது. அவர் ஏழாவதில் உட்கார்ந்தார். பஸ்கள் போயின. கட்டளையை அடித்து, விரலைத் தூக்கினார்.

"தள்ளுங்க மாமா" என்றாள் அவள். "நா கூப்புடறேன்."

"உனக்குத் தெரியாதும்மா."

"கடசிப் பொத்தானத்தானே அமுக்கணும்? தள்ளுங்க."

அவர் எழுந்தார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே கருத்த ஆள்காட்டி விரலால் அழுத்தினாள். காற்றாடி சுழன்றது. திரை வெளுத்தது. வாசலுக்கு எத்தனை எட்டு என்று என் கண் தானாக அளந்தது. அவள் அந்த வெளிச்சத்தைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பினாள்.

"நா கூப்ட்டேன், எழுந்துகிச்சு. இந்தா நிக்கறாரே சாரு, இவரு கூப்ட்டாலும் எழுந்துக்கும். எவன் கூப்ட்டாலும் எழுந்துக்கும். இல்ல மாமா?"

அவர் அந்தப் பச்சைப் பொட்டைப் பார்த்தார்.

"உங்க தம்பி நா கூப்ட்டு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, ஒத்தக் கொரலுக்கு எழுந்திருக்கறாரா? தண்ணி தெளிச்சாலும் பொரண்டு படுக்கற மனுசன். இது அவருன்னு எந்த வாயால கோர்ட்டுல சொல்லுவீங்க?"

அப்போதுதான் அவர் சிரித்தார். முதலில் இருமல் என்று நினைத்தேன். சத்தம் அந்த நீளக் கழுத்துக்குள் எங்கோ கீழேயிருந்து, பழைய மோட்டார் பம்பு தண்ணீர் எடுப்பதுபோல் விட்டு விட்டு வந்தது. தம்பி மனைவியும் சிரித்தாள். இருவர் கண்ணிலும் தண்ணீர். நடுவில் கம்ப்யூட்டரின் வெளிச்சம். சூழ்நிலைக்குத் தகுந்தபடி நானும் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பை இன்னொரு முறை கேட்கும் ஆசை எனக்கில்லை.

மறுநாள் கோர்ட்டுக்கு நானும் போயிருந்தேன். கூண்டுக்குள் நிற்க உயரம் அதிகமானவர் போல் குனிந்து நின்றார். கேட்டார்கள். கொஞ்ச நேரம் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு தகவலும் இல்லீங்கய்யா" என்றார். "நானும் கூப்ட்டுப் பாத்துட்டேன்."

தீர்ப்பு வந்தது. கொஞ்ச காலம் கழித்து வேலையும் வந்தது; ஸ்டோர்ஸில், ஜெனரல் ஷிப்ட். குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை வடக்குத்திலிருந்தே போய் வந்தாள். அவர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். இரண்டாம் ஷிப்ட் பஸ்கள் போகும். எட்டாவது கம்ப்யூட்டர் அப்படியே கிடக்கும். நான் தயிர்சாதத்தை நிதானமாகச் சாப்பிடப் பழகினேன். கார்டைக் கழற்றித் தரட்டுமா என்று ஒரு தடவை கேட்டேன். "உங்க மிஷினு ஓட வேணாமா சார்?" என்றார்.

ஒரு நாள் காலை. அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். ஜெனரல் ஷிப்டுக்கு இன்னும் சங்கு ஊதவில்லை. எட்டாவது கம்ப்யூட்டர் எழுந்தது.

துடைப்பம் எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை. போனைப் போட்டேன்.

"அண்ணே, கூப்ட்டீங்களா?"

"யார?" வாயில் பற்பசை நுரை. பின்னால் வாளியில் தண்ணீர் விழும் சத்தம். கிணற்றடியில் நிற்கிறார்.

"தம்பிய."

துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டுப் பேசினார். "செத்தவன எதுக்கு சார் கூப்புடப் போறேன்?"

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. விலாசம் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார்.  போனைக் காதில் வைத்துக்கொண்டே கம்ப்யூட்டரை அணைத்தேன். காற்றாடி நின்றது. போனில், தூரத்தில், அவர் கீபோர்டு இருக்கும் முன்னறைப் பக்கமிருந்து, மகளுக்குச் சொல்லும் தம்பி மனைவியின் குரல் கேட்டது: "செருப்பப் போடுடி, இந்தா வந்துட்டேன்."

என் எதிரில் காற்றாடி மறுபடியும் சுழல ஆரம்பித்தது.

"என்னா சார், ஏன் கேக்கறீங்க? எழுந்துகிச்சா?"

"இல்லண்ணே" என்றேன். "சும்மாதான் போட்டேன்."

திரை வெளுத்து, பெயரைக் கேட்டு நின்றது.